இருபத்தாறாவது கிலோ

கடலூரில் எந்த அரிசிக் கடைக்குப் போனாலும் வாசலில் அடுக்கி வைத்திருப்பது 26 கிலோ சிப்பம்தான். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் அதுதான், மஞ்சக்குப்பத்தில் அதுதான், கன்னியகோயில் தாண்டிப் புதுச்சேரிக்குள் நுழைந்தாலும் அதுதான். என் சிறு வயதில் மூட்டை என்றால் 75 கிலோ. அதை இறக்க ஆள் வேண்டும், வைக்கத் தனி இடம் வேண்டும். வீடுகளும் குடும்பங்களும் சுருங்கிய பிறகு 25 கிலோ சிப்பம் வழக்கத்துக்கு வந்தது. பழைய மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு, குவிண்டாலில் கால் பங்கு. எப்படிப் பார்த்தாலும் கணக்கு உட்கார்ந்தது. இந்த 26 எந்தக் கணக்கிலும் உட்காரவில்லை. கொஞ்ச காலமாகவே இந்த எண் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

அரிசியோடு அது நிற்கவும் இல்லை. இப்படி ஒரு எண் கண்ணில் பட்டுவிட்டால், அப்புறம் சமையலறை அலமாரி முழுக்க அதே மாதிரி எண்களாகத்தான் தெரிகின்றன. ஐந்து ரூபாய் பிஸ்கட்டில் ஐம்பத்துச் சொச்சம் கிராம். ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டில், பக்கத்திலேயே 910 கிராம் என்று இன்னொரு எண். அதே உயரம், அதே அகலம், ஏறக்குறைய அதே நிறத்தில் கடையில் தொங்கும் வேறொரு எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தால் அது 850 மில்லி. அடுப்பு மேடைக்குக் கீழே 14.2 கிலோ சிலிண்டர். அம்மா மளிகை லிஸ்ட் எழுதும்போது இன்னமும் ‘ரவை அரை, உளுந்து ஒண்ணு, எண்ணெய் ரெண்டு’ என்றுதான் எழுதுவார். அரை, ஒன்று, இரண்டு என்றால் எதில் அரை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பையில் வந்து சேர்வது லிஸ்டில் இருப்பதற்குக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ இருக்கும் ஏதோ ஒன்று.

இதைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் பதில் தயாராக இருக்கும். “எல்லாம் ஏமாத்து வேலைடா. ஒரு கிலோன்னு நெனச்சு வாங்குவோம், தொள்ளாயிரம் குடுப்பான்” என்பார் அம்மா. மாமாவும் அதையே சொல்வார், தெருவில் யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அந்தப் பதில் 26 கிலோவுக்குப் பொருந்தவில்லை. குறைத்துக் கொடுத்து ஏமாற்றலாம், ஒரு கிலோ கூடுதலாகக் கொடுத்து யார் யாரை ஏமாற்றுவது? அலமாரியில் இருக்கும் எல்லாமே கீழே இறங்கிக்கொண்டிருக்க, அரிசி மட்டும் ஏன் மேலே ஏறியது என்ற கேள்விதான் என்னை விடவில்லை.

மண்டியில் கிடைத்த கணக்கு

விடை வைத்திருந்தவர் நாங்கள் வழக்கமாக வாங்கும் அரிசி மண்டிக்காரர். கூட்டமில்லாத ஒரு மத்தியானம். “இருபத்தஞ்சே போடலாமே, இது என்னண்ணே இருபத்தாறு?” என்று கேட்டேன். அவர் பில் புக்கைத் திருப்பி அதன் முதுகில் எழுதிக் காட்டினார்.

“கிலோ அறுபதுன்னு வச்சுக்க தம்பி. இருபத்தஞ்சு கிலோ ஆயிரத்தைந்நூறு. அதுக்கு அஞ்சு பர்சென்ட் ஜி.எஸ்.டி. எழுபத்தஞ்சு. மொத்தம் ஆயிரத்தைந்நூத்தி எழுபத்தஞ்சு ஆச்சா? இப்ப இருபத்தாறு கிலோவப் பாரு. ஆயிரத்தைந்நூத்தி அறுபது. வரி கெடையாது. ஒரு கிலோ அரிசி கூட, பதினஞ்சு ரூபா கொறைச்சல். நீ எத வாங்குவ?”

இரண்டு எண்களையும் அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகம் வாங்கினால் கிலோவுக்கு மலிவு என்பது எல்லோருக்கும் தெரிந்த வியாபாரம். இது வேறு. இங்கே மொத்தத் தொகையே குறைகிறது. 26 கிலோ வாங்க ஆகும் பணத்தைவிட 25 கிலோ வாங்க ஆகும் பணம் அதிகம். அந்த இருபத்தாறாவது கிலோ இலவசம்கூட இல்லை, அதை எடுத்துக்கொள்வதற்கு நமக்குப் பதினைந்து ரூபாய் கொடுக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட எந்த ஆலைக்காரரும் 25 கிலோ பை அச்சடிக்க மாட்டார்.

வரி வந்த கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2022 ஜூன் கடைசியில் சண்டிகரில் கூடிய 47-வது ஜி.எஸ்.டி. கவுன்சிலின் முடிவுப்படி, ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொட்டலமாகக் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு எல்லாவற்றுக்கும் 5 சதவீதம். அதற்கு முன்பு பிராண்டு பெயரை முன்னிறுத்தி விற்றவர்களுக்குத்தான் வரி. அதிகம் பேசப்படாத விஷயம் அந்த 25 கிலோ எல்லை எங்கிருந்து வந்தது என்பது. அது வரித் துறை யோசித்துப் போட்ட கோடு இல்லை. ‘பொட்டலம்’ என்றால் என்ன என்பதற்கு அவர்கள் எடையளவுச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தின் கீழுள்ள பொட்டலப் பொருட்கள் விதிகள் 2011, 25 கிலோவுக்கு மேல் போகும் பையைச் சில்லறைப் பொட்டலமாகக் கணக்கில் எடுப்பதில்லை. அவ்வளவு பெரிய பை வாங்குபவருக்குப் பாக்கெட்டில் விலையும் எடையும் அச்சிட்டுக் காட்டும் பாதுகாப்பு அவசியமில்லை என்ற எண்ணத்தில் போட்ட கோடு அது. வாங்குபவரைக் காப்பதற்காக ஒரு சட்டத்தில் இழுத்த கோடு, இன்னொரு சட்டத்தில் வரியின் எல்லையாகி, கடைசியில் எங்கள் ஊர் அரிசிப் பையின் எடையை மாற்றிவிட்டது.

இந்த எல்லையில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே தவணையில் ஆயிரத்தைந்நூறு ரூபாய் எடுத்து வைக்க முடிந்தவர்களுக்கு வரி இல்லை. சிப்காட்டில் வாரச் சம்பளம் வாங்கி ஐந்து கிலோ பாக்கெட்டாக வாங்கிப் போகிறவருக்கு, அதே அரிசிக்கு, முந்நூறு ரூபாய்க்குப் பதினைந்து ரூபாய் வரி. தனியாக அறை எடுத்துத் தங்கிச் சமைக்கும் பையன்களுக்கும், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு இரண்டு பேராக இருக்கும் முதியவர்களுக்கும் அப்படியே. சாக்கைத் திறந்து சில்லறையாக எடை போட்டுக் கொடுத்தால் வரி கிடையாது, உண்மைதான். ஆனால் அப்படிப் போட்டுக் கொடுக்கும் கடைகள் எங்கள் பக்கத்தில் குறைந்துகொண்டே வருகின்றன.

யாருடைய முழு எண்

மண்டியிலிருந்து திரும்பிய பிறகு அலமாரியை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். 26 என்பது எனக்குத்தான் ஒட்டாத எண். அதன் பின்னால் 25 என்ற முழு எண் ஒளிந்திருக்கிறது, அது வரிச் சட்டத்தின் முழு எண். அப்படியானால் மற்ற எண்களுக்குப் பின்னாலும் யாருடைய முழு எண்ணாவது இருக்க வேண்டும்.

சிலிண்டருக்கு அது பாத்திரத்தின் கொள்ளளவு. வீட்டு சிலிண்டரில் தண்ணீர் பிடித்தால் 33.3 லிட்டர் பிடிக்கும். உள்ளே இருப்பது அழுத்தத்தில் திரவமாகிய வாயு. வெயிலில் அது விரியும், நம் ஊர் மே மாத வெயிலில் நன்றாகவே விரியும், அதனால் முழுக்க நிரப்ப முடியாது. மேலே ஆவிக்கு இடம் விட்டுப் பாதுகாப்பாக நிரப்பக்கூடிய எடை 14.2 கிலோ. யாரும் 14-ஐயோ 15-ஐயோ மறுத்து இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரும்பும் வெப்பமும் சேர்ந்து சொன்ன எண் அது. இந்த மாதிரி எண்ணோடு எனக்குச் சண்டையே இல்லை.

பண்ருட்டி முந்திரிக்குப் பின்னால் இருப்பது கடல் தாண்டிய வியாபாரம். அங்கே கொட்டை உடைக்கும் வீடுகளில் சின்னப் பிள்ளைகூட ‘முந்நூத்தி இருபது’, ‘இருநூத்தி நாப்பது’ என்று தரம் சொல்லும். 320 என்றால் ஒரு பவுண்டில் அதிகபட்சம் 320 முழுப் பருப்பு. எண் குறையக் குறையப் பருப்பு பெரியது, விலை கூடியது. பவுண்டை நாம் கைவிட்டு இரண்டு தலைமுறை ஆகிறது. 1956-லேயே மெட்ரிக் முறைக்குச் சட்டம் போட்டாயிற்று. ஆனால் வாங்கும் நாட்டுக்காரர் பவுண்டில் எண்ணினார், அதனால் பண்ருட்டி சுற்றுவட்டாரப் பெண்கள் இன்றும் பவுண்டுக் கணக்கில் பருப்பைத் தரம் பிரிக்கிறார்கள். ஏற்றுமதி டின்னில் 11.34 கிலோ என்று எழுதியிருக்கும். எந்த மூளையும் நினைத்துப் பார்த்து வைக்காத எண். 25 பவுண்டு என்று படித்தால் சரியாகிவிடும்.

பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் ஷாம்புப் பொட்டலத்துக்கும் இருக்கும் முழு எண்தான் எல்லாவற்றிலும் வலியது: சில்லறைக் காசு. ஒரு ரூபாய், இரண்டு, ஐந்து, பத்து, இருபது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையில் ஒரு பையன் நீட்டுவது ஐந்து ரூபாய் நாணயம். கோதுமை, சர்க்கரை, பாமாயில் எது விலை ஏறினாலும் அந்த நாணயம் ஐந்தரை ஆகாது. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூனோடு செல்லாமல் போயின. ஐம்பது பைசா சட்டப்படி செல்லும், கையில் புழங்குவதில்லை. விலை அசைய முடியாத இடத்தில் எடைதான் அசைய வேண்டியிருக்கிறது. நூறு கிராம் தொண்ணூற்றுச் சொச்சமாகி, எண்பதாகி, எழுபதாகி, ஐம்பதுகளுக்கு இறங்கி வந்ததெல்லாம் அப்படித்தான்.

இதற்கு நேர் எதிரான ஒன்று 2025 செப்டம்பரில் நடந்தது. பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரி குறைந்ததை விலையில் காட்ட வேண்டும் என்றது அரசு. ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்குக் கணக்குப் போட்டால் ரூ.4.45 வருகிறது. அதைக் கொடுக்க யாரிடம் காசு இருக்கிறது, மீதி கொடுக்க எந்தக் கடையில் சில்லறை இருக்கிறது? விலையை ஐந்திலேயே வைத்து எடையைக் கூட்டித் தருகிறோம் என்று நிறுவனங்கள் சொன்னதற்குக் காரணம் அதுதான். எடை குறைவதும் கூடுவதும் ஒரே காரணத்துக்காக என்று அப்போதுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாணயம் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது, பாக்கெட் அதைச் சுற்றிப் பெருத்தும் சிறுத்தும் போகிறது.

கர்நாடகத்தில் 2024 ஜூனில் நந்தினி பாலுக்கு இரண்டு ரூபாய் ஏற்றியபோது, பாக்கெட்டில் 50 மில்லி சேர்த்து ஊற்றினார்கள். அரை லிட்டர் 550 ஆனது, ஒரு லிட்டர் 1050. அடுத்த ஆண்டு ஏப்ரலில் நாலு ரூபாய் ஏற்றி, அந்த 50 மில்லியையும் எடுத்துவிட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் என் தங்கை, காபிக்குப் பால் காய்ச்சும் பாத்திரத்தின் அளவுகூட இடையில் குழம்பிவிட்டது என்றாள். கூடக் கொடுத்தாலும் குறைத்துக் கொடுத்தாலும், மனதில் பதிந்திருக்கும் அளவு கலைந்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாமல் போகிறது.

அட்டவணை போன பிறகு

அம்மாவின் கோபம் சரி என்று நான் நினைப்பது இந்த இடத்தில்தான். வாங்குபவருக்கும் ஒரு காலத்தில் சட்டத்தில் ஒரு முழு எண் இருந்தது. பொட்டலப் பொருட்கள் விதிகளில் இரண்டாவது அட்டவணை என்று ஒன்று. எண்ணெய், டீ, காபி, உப்பு, பிரட், பிஸ்கட், மாவு, ரவை, சோப்பு என்று அன்றாடம் வாங்கும் பொருட்களுக்கு இந்த இந்த அளவுகளில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று அது சொன்னது. பிரட் என்றால் நூறு கிராமின் மடங்கு. 1977 விதிகளிலிருந்து தொடர்ந்து வந்த ஏற்பாடு அது. விதிவிலக்குகளும் ஓட்டைகளும் அதில் இருந்தன. ஆனாலும் இரண்டு கம்பெனி எண்ணெயை இரண்டு கையில் பிடித்தால் விலையை மட்டும் பார்த்தால் போதும் என்ற நிலை இருந்தது. படிக்கத் தெரியாதவர்கூட ஒப்பிடலாம்.

2021 நவம்பரில் வந்த திருத்தம் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. நடைமுறைக்கு வருவது ஒன்றிரண்டு முறை தள்ளிப்போய் அப்புறம் வந்தது. அதற்குப் பிறகு எந்தப் பொருளையும் எந்த அளவிலும் அடைக்கலாம். லிட்டர் பாக்கெட்டின் உயரத்திலேயே 850 மில்லி தொங்குவது அதனால்தான். எண்ணெயில் இன்னொரு நுணுக்கமும் இருந்தது. எண்ணெய் சூட்டில் விரியும், அதனால் ஒரு லிட்டரின் எடை வெப்பநிலையைப் பொறுத்து மாறும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம் என்று மத்திய நுகர்வோர் துறையே கணக்குச் சொன்னது. சிலர் பாக்கெட்டில் 60 டிகிரி என்று அச்சிட்டுக் குறைந்த எடையை அடைத்தார்கள். வீட்டில் யார் எண்ணெயை 60 டிகிரியில் வாங்குகிறார்கள்? வெப்பநிலையைச் சொல்லாமல் அளவையும் எடையையும் சரியாகப் போடுங்கள் என்று 2022 ஆகஸ்டில் அந்தத் துறை உத்தரவிட்டது. நல்ல உத்தரவு.

அட்டவணையை எடுத்ததற்கு ஈடாக நமக்குக் கொடுத்தது அலகு விலை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் கிராமுக்கு இவ்வளவு, மில்லிக்கு இவ்வளவு என்று அச்சிட வேண்டும். பாக்கெட் எந்த அளவில் இருந்தால் என்ன, அலகு விலையைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள் என்பது அதன் நியாயம். நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் அந்த எழுத்தைத் தேடிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தேன். படித்த பிறகுதான் அது ஏன் யாருக்கும் உதவவில்லை என்பது புரிந்தது.

விதி இப்படி: ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டுக்குக் கிராம் விலை, அதற்கு மேற்பட்ட பாக்கெட்டுக்குக் கிலோ விலை. ரூபாயில், இரண்டு தசம இடத்துக்குச் சரிசெய்து. இப்போது கோதுமை மாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அரைக் கிலோ பாக்கெட் கிலோ 56 ரூபாய் விலையில் இருக்கிறது, இன்னொன்று கிலோ 64 ரூபாய் விலையில். முதலாவது கிராமுக்கு 0.056, இரண்டாவது 0.064. இரண்டு இடத்துக்குச் சரிசெய்தால் இரண்டிலும் ‘கிராமுக்கு ரூ.0.06’. கிலோவுக்கு எட்டு ரூபாய் வித்தியாசம் காணாமல் போய்விட்டது. ஐந்து ரூபாய் பிஸ்கட்டில் இன்னும் மோசம். 58 கிராம் பாக்கெட்டுக்குக் கணக்குப் போட்டால் 0.09. அதை 53 கிராமாகக் குறைத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள், அப்போதும் 0.09. எடை குறைந்ததைக் காட்டிக் கொடுப்பதற்காக வந்த எண், ஐந்து கிராம் குறைந்ததைப் பார்க்கவே முடியாத எண்ணாக இருக்கிறது. கூடவே 900 கிராம் பாக்கெட் கிராமில் பேசும், 1.1 கிலோ பாக்கெட் கிலோவில் பேசும். இரண்டையும் ஒப்பிட மனதுக்குள் ஆயிரத்தால் பெருக்க வேண்டும். கையில் குழந்தையோடு, பின்னால் வரிசை நிற்க, யார் பெருக்குவார்கள்?

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் ஒரு கிளை இருக்கும். எங்கள் அத்தை வழியிலும் உண்டு. அங்கிருந்து கோடை விடுமுறைக்கு வந்த அத்தை மகனிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். அங்கே கடை அலமாரியின் விளிம்பிலேயே, விலைச் சீட்டில், கிலோவுக்கு இவ்வளவு என்று பொருளின் விலையோடு சேர்த்தே போட்டிருப்பார்கள் என்றான். 1998-லிருந்தே ஐரோப்பிய நாடுகளுக்கு அப்படி ஒரு பொது விதி இருக்கிறது. அங்கேயும் பாக்கெட் அளவுகளை அவிழ்த்துவிட்டார்கள், 2009-இல். ஆனால் அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே கிலோ விலையை அலமாரிக்குக் கொண்டுவந்து மக்களைப் பழக்கிவிட்டார்கள். போதாததற்கு, 2024 ஜூலையிலிருந்து பிரான்சின் பெரிய கடைகளில், விலை குறையாமல் எடை மட்டும் குறைந்த பொருளுக்குப் பக்கத்தில் ‘இதன் அளவு குறைந்திருக்கிறது’ என்று இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும். நாம் பழைய வேலியை எடுத்துவிட்டு, புதிய வேலியைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டிருக்கிறோம்.

பழைய அட்டவணையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஐந்து ரூபாய் நாணயத்தோடு வரும் பையனுக்கு ஐந்து ரூபாய் பாக்கெட் வேண்டும், அது ஐம்பத்தைந்து கிராமாகத்தான் இருக்க முடியும் என்றால் இருக்கட்டும். சிலிண்டர் 14.2 ஆகவே இருக்கட்டும். கேட்பது சின்ன விஷயம். பாக்கெட் பத்து கிராமோ பத்து கிலோவோ, அலகு விலையை எப்போதும் கிலோவுக்கும் லிட்டருக்கும் மட்டுமே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் 56-ம் 64-ம் தனித்தனியாகத் தெரியும். பிஸ்கட்டில் ஐந்து கிராம் குறைந்தால் கிலோ விலை 86-லிருந்து 94-க்குத் தாவுவது யாருக்கும் தெரியும். எண்ணெய்க்கு லிட்டரோடு கிலோ விலையும் வேண்டும், ஏனென்றால் ஏமாற்ற இடம் கொடுக்காதது எடைதான். அந்த எண்ணை எம்.ஆர்.பி. அச்சிடும் அதே பருமனில் அச்சிட வேண்டும். கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் புதுச்சேரி நேரு வீதியிலும் இருக்கும் பெரிய கடைகள் தங்கள் அலமாரிச் சீட்டில் இதைப் போடுவதற்கு எந்த விதித் திருத்தமும் தேவையில்லை. பில் போடும் கம்ப்யூட்டரில் விலையும் எடையும் இருந்தால் வகுத்துக் காட்டிவிடும், நாளைக்கே தொடங்கலாம். அச்சிடும் விதியை மாற்ற வேண்டியது மத்திய நுகர்வோர் துறை. அந்தத் துறைக்கு மாவு, பிஸ்கட் இரண்டின் கணக்கையும் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலிருந்து இரண்டு பாக்கெட்டை எடுத்துக் கணக்குப் போட்டு, நீங்களும் எழுதுங்கள்.